வலது கையின் தாமதம்

செயலாளர் ஐயா அவர்களுக்கு,

அன்று உங்கள் இசைக் கலைஞர் சங்க அலுவலகத்தில் எங்களுக்குக் கொடுத்த தேநீர் நன்றாக இருந்தது. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கையளவில் போட்டுவிடுகிறார்கள் போலிருக்கிறது. இனிமேல் கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

விசாரணைக் குழுவின் முடிவு வந்து சேர்ந்தது. பொறுமையாகப் படித்தேன். என்மேல் கொடுக்கப்பட்ட புகாரில் உண்மையில்லை என்று தீர்மானித்திருக்கிறீர்கள். தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையில் வரும் பியானோ என் சொந்த வாசிப்பே என்றும், உடன்பிறந்தவர்கள் என்பதால் தங்கையின் சாயல் அக்காவின் வாசிப்பில் இயல்பாகவே படிந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தங்கைக்கு வந்திருக்கும் கை நோய்க்கு வருத்தமும் தெரிவித்திருக்கிறீர்கள். நல்ல மனதோடு எழுதியது என்று தெரிகிறது. ஆனால் அதில் பிழை இருக்கிறது. என்னைப் பற்றிய ஒரு காகிதம் பிழையோடு உங்கள் அலமாரியில் கிடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் படித்தது ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில். எந்த விண்ணப்பமானாலும் முதலில் நீ யார், அடுத்து நடந்தது என்ன, கடைசியில் வேண்டுவது என்ன என்று வரிசையாக எழுத வேண்டும் என்பார் எங்கள் தமிழாசிரியை. வேண்டுகோள் இல்லாத விண்ணப்பம் முகவரி இல்லாத தபால் என்றும் சொல்வார். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என் தொழில் என்னவென்று உங்கள் குழுவில் இருந்த புல்லாங்குழல் பெரியவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "கம்ப்யூட்டர்ல பாட்டு தட்டுற பொண்ணு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்காகச் சொல்கிறேன். எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருக்கும் கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. ஊமைக் கட்டை என்போம். அதில் ஒரு கட்டையை அழுத்தினால் கணினிக்குப் போவது ஒலி அல்ல, ஒரு செய்தி. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது தொட்டது, எப்போது விட்டது, காலடியில் இருக்கும் பெடல் மிதிபட்டதா இல்லையா. இதற்கு மிடி நிகழ்வு என்று பேர். கணினிக்குள் இருக்கும் பியானோ அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் குரல் கொடுக்கும். செய்திகள் வரவர, மானிட்டர் என்ற சின்னச் சட்டத்தில் வரிவரியாக ஓடும். அந்த வரிகளை நகலெடுக்கலாம், வேறிடத்தில் ஒட்டலாம், முன்னே பின்னே நகர்த்தலாம். சில சமயம் கட்டையை விட்ட பிறகும் விட்டாயிற்று என்ற செய்தி போய்ச் சேராமல் ஒலி பேய் பிடித்ததுபோல இழுத்துக்கொண்டே இருக்கும். ரீசெட்டைத் தட்டினால் எல்லாம் அடங்கிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். வாசிக்கிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் இந்தப் பக்கம். அவர் வாசிப்பது அவர் காதுக்கே என் வழியாகத்தான் போகும்.

இதுதான் நான். இனி நடந்தது.

பியானோ முதலில் கற்றுக்கொண்டது நான்தான். டீச்சர் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்தார். தங்கை அப்போது மேசைக்கு அடியில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருப்பாள். ஒருநாள் டீச்சர் தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரத்தில் அவள் வெளியே வந்து, நான் மாதக்கணக்கில் மல்லாடிக்கொண்டிருந்த பாடத்தை நின்றபடியே வாசித்தாள். அவளுக்கு இசைக்குறி படிக்கத் தெரியாது. இன்றுவரை தெரியாது. கேட்டே எடுத்துக்கொண்டிருக்கிறாள். தேர்வுகளில் முதல் வகுப்பு வாங்கியது நான். அதற்கான காகிதங்கள் இருக்கின்றன.

நான் வாசிக்கும்போது அம்மா சமையலறையில் மிக்ஸியை ஓட்டுவாள். தங்கை வாசிக்கும்போது நிறுத்திவிடுவாள். வேண்டுமென்று செய்யவில்லை. இப்போது கேட்டாலும் அப்படி ஒரு வழக்கம் இருந்ததே அவளுக்குத் தெரியாது. ஒருமுறை நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது மிக்ஸி நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் கவனமாக வாசித்தேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே கதவோரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அட, நீயா? சின்னவளாக்கும்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மிக்ஸி மறுபடி ஓடத் தொடங்கியது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அரைக்க வேண்டியதை அரைத்துத்தானே ஆக வேண்டும்.

பிறகு இருவருக்கும் ஒரே கூடத்தில் வேலை கிடைத்தது. இசையமைப்பாளரை நாங்கள் மாஸ்டர் என்போம். அவரும் மற்றவர்களும் என்னைப் பெரியவ என்றும் அவளைச் சின்னவ என்றும் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் வாசித்ததை நான் வரிவரியாக நகர்த்திச் சரிசெய்வேன். பிசிறு தட்டாத வேலை என்று பெயர் எடுத்திருக்கிறேன். தங்கை வாசித்தால் மட்டும் மாஸ்டர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார்.

"பெரியவளே, கையை எடு. எதையும் தொடாதே. அப்படியே விட்டுரு."

நான் கையை மடியில் வைத்துக்கொள்வேன்.

அவள் வரிகளில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் எண் எண்ணாகப் படித்தேன். ஒரு சுரம்கூடத் தாளத்தின் கோட்டில் உட்காரவில்லை. ஒன்று முந்தியது, ஒன்று பிந்தியது. கோட்டில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் பிணம்போல் விறைத்துக்கொண்டது. அவள் பிந்திய இடத்தில் நானும் பிந்தி, அவள் அழுத்திய அளவுக்கே அழுத்தி, அதேபோல வாசிக்கப் பழகினேன். எண்கள் ஏறக்குறைய பொருந்தின. மாஸ்டரிடம் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"சின்னவளைப் பார்த்துப் பண்ணினியா? நல்லாத்தான் இருக்கு. அலமாரில வைக்கிற மெழுகுப் பழம் மாதிரி அச்சு அசல்."

அன்று தங்கை எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தாள். "அவருக்கு என்னக்கா தெரியும்? எனக்கு உன் வாசிப்புத்தான் பிடிக்கும்" என்றாள். மனதாரச் சொன்னாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

மேடை நிகழ்ச்சி வந்தது அதற்குப் பிறகுதான். மாஸ்டரின் இசைக்குழு பெரிய அரங்கத்தில் வாசிப்பதாக ஏற்பாடு. நடுவில் பியானோ, அதில் தங்கை. நான் கறுப்புத் திரைக்குப் பின்னால் கணினியோடு. மாஸ்டர் மேடையைக் காகிதத்தில் வரைந்து காட்டியபோது என் இடத்தில் ஒரு சின்னப் பெட்டி போட்டிருந்தார். அதற்குள் பெயர்கூட எழுதவில்லை. யாராவது ஒருவர் திரைக்குப் பின்னால் இருக்கத்தானே வேண்டும்.

அந்த ஒத்திகையின்போதுதான் முதல்முறையாகத் தாமத எண்ணைப் போட்டேன். கீபோர்டின் நடுக் கட்டைக்கு மேலே வரும் செய்திகளை மட்டும் பிரித்து, கொஞ்சம் தாமதமாக அனுப்பும்படி கணினியிடம் சொல்லலாம். இடது கை வாசிப்பது உடனே கேட்கும். வலது கை வாசிப்பது ஒரு மயிரிழை பிந்திக் கேட்கும். அழுத்தத்தையும் சற்றே குறைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு விரல்களை விரித்துப் பார்த்தாள்.

"அக்கா, ஹெட்போன்ல ஏதாவது மாத்துனியா?"

"இல்லையே. ஏன்?"

"வலது கை பின்னாடி இழுக்கற மாதிரி இருக்கு."

"நேத்து துணியெல்லாம் நீதானே பிழிஞ்ச. கை அசந்திருக்கும்."

அவள் கைமேல் எனக்கு இருந்த அக்கறையில்தான் அப்படிச் சொன்னேன். அன்று மாஸ்டரும் புருவத்தைச் சுருக்கினார். நான் அவரைக் கையமர்த்திவிட்டு, "நான் பார்த்துக்கறேன் மாஸ்டர், வரிகளை நகர்த்திச் சரிபண்ணிடலாம்" என்றேன். அவள் வாசித்தது வாசித்தபடியே வேறொரு தடத்தில் என்னிடம் பத்திரமாக இருந்தது. சிறிது நேரம் வேலை செய்வதுபோல இருந்துவிட்டு அதை எடுத்து மேலே வைத்தேன். ரீசெட் செய்ததற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. மாஸ்டர் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார்.

"பெரியவ இல்லேன்னா இன்னைக்கு நாம தொலைஞ்சோம்."

அந்தக் கூடத்தில் அதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வேலை முடிந்ததும் எண்ணைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது என் பழக்கம். மறுநாள் வந்ததும் மறுபடி போட்டேன். வீட்டில் அவள் பழகுவதும் என் கணினியோடு இணைத்த ஊமைக் கட்டையில்தான். அங்கேயும் போட்டேன். ஒரேயடியாகக் கூட்டவில்லை. பாலில் தண்ணீர் சேர்க்கிறவர்கள் ஒரே நாளில் சேர்ப்பதில்லை.

அவள் ஒருநாள் மானிட்டரைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். இடது கை வரிகள், வலது கை வரிகள், இடையில் இருக்கும் இடைவெளி. பேனா முனையால் தொட்டுத் தொட்டுக் காண்பித்தேன். அவள் என் தோளில் முகவாயை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ பிந்துதா? எனக்குத் தெரியவே இல்லையே, முட்டாள் மாதிரி."

"காதை ஏமாத்தலாம்டி. எண்ணு பொய் சொல்லாது."

அவள் பழகினாள். அவளைப்போல் பழகுகிறவர்களை நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில்கூட வலது கை விரல்கள் ஓடிக்கொண்டிருக்கும். மறைத்து வைத்திருந்த தடத்தில் அதன் பலனைப் பார்த்தேன். வலது கை முந்தத் தொடங்கியிருந்தது. நான் எவ்வளவு பிந்தவிட்டேனோ அவ்வளவு முந்தியது. நான் போட்ட எண் அவளுக்குத் தெரியாது. அவள் விரல்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டன. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அதற்கும் அவளிடம் திறமை இருந்தது. எண்ணைக் கூட்டினேன்.

இப்படி அவள் எட்டிப் பிடிக்க, நான் தள்ளி வைக்க, மேடை நிகழ்ச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போனேன். நரம்புச் சோதனை செய்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று காகிதத்தில் இருந்தது. மருத்துவர் அவளிடம், "கொஞ்சம் ஓய்வு எடுங்கம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். வெளியே வந்ததும் அவள் என்னைப் பார்த்தாள். "ஆரம்பத்துல காகிதத்துல வராதாம்" என்றேன். மணிக்கட்டை அசையாமல் பிடித்துவைக்கும் பட்டை ஒன்றை மருந்துக்கடையில் நானே தேடி வாங்கினேன். நல்ல தரமானது, வியர்க்காது.

மாஸ்டர் கைவிடுகிறவர் அல்ல. கூடத்தின் நடைவழியில் உறை போட்ட பழைய மரப் பியானோ ஒன்று இருந்தது. ஒருநாள் உறையை இழுத்துப்போட்டுவிட்டு, "இந்தக் கம்ப்யூட்டர் கருமாதியெல்லாம் வேண்டாம். இதுல வாசி, பார்ப்போம்" என்றார். மரப் பியானோவுக்கும் அவளுக்கும் நடுவில் நான் இல்லை. கம்பியை அடித்தால் உடனே கேட்கும். குட்டு உடையப்போகிறது என்று சுவரில் சாய்ந்துகொண்டேன்.

அவள் பட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். தொடங்குவதற்கு முன்னால் பெடலை இரண்டு தட்டு தட்டினாள். சிறுவயதிலிருந்தே அவளுக்கு அப்படி ஒரு பழக்கம். யார் வீட்டுக்குள்ளோ நுழைவதற்கு முன் கதவைத் தட்டுவதுபோல. பிறகு வாசித்தாள்.

வலது கை முந்திக்கொண்டது. இடது கை ஒரு பாதையில் போக, வலது கை அதை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடியது. வேகத்தைக் குறைத்தாள். அப்போதும் ஓடியது. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாஸ்டர் பியானோவுக்கு உறையைப் போட்டார்.

அந்த நிமிடம்வரை நான் செய்தது கணினிக்குள் இருந்தது. ரீசெட்டைத் தட்டினால் போய்விடக்கூடியது. அன்று அது அவள் கைக்குள் போய்விட்டதைப் பார்த்தேன். நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். யோசித்தேன். எண்ணை எடுத்துவிட்டால் கொஞ்ச நாளில் கை பழையபடி இறங்கி வந்துவிடும். அப்புறம் மாஸ்டர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, கையை எடு என்பார்.

வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்தில் அவள் என் மடியில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "உன் பெட்டில ஒரு பட்டன் இருக்குல்லக்கா, எல்லாத்தையும் பூஜ்யமாக்குறது. என் கைக்கும் ஒண்ணு இருந்தா எவ்ளோ நல்லாருக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் கையைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தேன்.

மேடையில் வேறு யாரோ உட்கார்ந்து வாசித்தார்கள். நான் திரைக்குப் பின்னால்தான் இருந்தேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

இனி உங்களிடம் வந்த புகாருக்கு வருகிறேன். தொடரின் முகப்பு இசைக்குப் பியானோ வேண்டும் என்று மாஸ்டர் ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, நானே வாசித்துப் பார்க்கிறேனே என்றேன். "உன்னாலயா?" என்றார். நல்லவர்தான், யோசிக்காமல் பேசிவிடுவார். தங்கையின் பழைய வாசிப்புகள் அத்தனையும் என்னிடம் இருந்தன, எண் போடுவதற்கு முந்தியவை. ஒன்றிலிருந்து இடது கையை எடுத்தேன், ஒன்றிலிருந்து வலது கையை. சுருதியை மாற்றி, துண்டு தெரியாமல் தைத்தேன். மாஸ்டர் கேட்டார். "இத்தனை நாள் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்த?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அதில் ஒரு தவறு செய்துவிட்டேன். நிகழ்வுகளைப் பட்டியலாக வைத்து வேலை செய்யும்போது எனக்குச் சுரங்கள் மட்டும் தெரிந்தால் போதும். பெடல் வரிகள் நூறு நூறாக வந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் அவற்றைக் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருப்பேன். மேசையானாலும் திரையானாலும் எனக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் மறைத்தது மறைந்துதான் இருக்கும், இல்லாமல் போய்விடாது. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நகலெடுத்தபோது கண்ணுக்குத் தெரியாத வரிகளும் கூடவே வந்துவிட்டன. முதல் சுரத்துக்கு முன்னால் இருந்த அந்த இரண்டு தட்டும் அதில் இருந்தது. கணினிப் பியானோவில் பெடலுக்கும் ஒரு ஒலி உண்டு. தொப், தொப் என்று மெத்தையில் விரலால் தட்டுவதுபோல. கூர்ந்து கேட்டால்தான் தெரியும்.

தொடரின் முதல் நாள் மாலை வீட்டில் எல்லாரும் இருந்தோம். அம்மா சமையலறையில் மிக்ஸியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள். தங்கை பட்டை போட்ட கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தாள். முகப்பு இசை தொடங்கியது. மிக்ஸி நின்றது.

அம்மா ஈரக் கையோடு கதவோரம் வந்து நின்றாள். முழுவதையும் கேட்டாள். திரையில் என் பெயர் ஓடியதைத் தங்கைதான் விரலை நீட்டிக் காட்டினாள். அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

"சின்னவளே வாசிச்ச மாதிரி இருக்குடி" என்றாள்.

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இசை தொடங்கும்போது அது தானாகத் தரையை இரண்டு முறை தட்டியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் சந்தேகம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது சந்தோஷம்.

"அக்கா, நீயும் அப்படித் தட்டுறியா? என்கிட்டருந்து தொத்திக்கிச்சா?"

"ஆமாண்டி" என்றேன்.

ஆனால் எங்கள் ஒலிப்பதிவாளரிடம் அது எடுபடவில்லை. கூடத்தில் எல்லாரும் அவரைக் காது அண்ணன் என்போம். குழாய் சொட்டுவதைக் கேட்டே எந்த அறை என்று சொல்லிவிடுவார். "பெரியவளே, அந்தத் தொப் தொப் யாரு கால்? நீ பெடலை அமுக்குனா கதவு சாத்தற மாதிரி இருக்கும். இது சின்னவ கால்" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை. உங்களிடம் வந்துவிட்டார்.

அன்று உங்கள் கூட்ட அறையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அங்கே மரப் பியானோ இருக்கிறது, தங்கையை வாசிக்கச் சொல்வீர்கள் என்று அழைப்பிலேயே இருந்தது. அதனால் அதற்கு முந்தைய நாட்களில் நான் அவளைப் பட்டையைக் கழற்றிவிட்டு நன்றாகப் பழகச் சொன்னேன். எண்ணை அதுவரை வைக்காத அளவுக்குக் கூட்டி வைத்தேன். அவள் காலையிலிருந்து மாலைவரை பழகினாள். "எனக்காக இல்லக்கா. உன் பேர் கெடக்கூடாது" என்றாள்.

நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். அவள் வலது கை எவ்வளவு முன்னால் ஓடியது என்று பார்த்தீர்கள். இந்தக் கையால் அந்த முகப்பு இசையை வாசித்திருக்க முடியாது என்று முடிவு செய்தீர்கள். புல்லாங்குழல் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காது அண்ணன் எழுந்துவந்து என்னிடம், "தப்பா நெனச்சுட்டேம்மா, மன்னிச்சுக்க" என்றார். நான் பரவாயில்லை என்றேன். நீங்கள் தங்கையிடம் கடைசியாகக் கேட்டீர்கள், உங்கள் அக்கா உங்கள் வாசிப்பை எடுத்திருப்பார் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா என்று. அவள் சொன்னதை உங்கள் எழுத்தர் எழுதிக்கொள்ளவில்லை.

"எடுத்திருந்தா என்ன சார்? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

கொடுத்திருப்பாள். அள்ளிக் கொடுக்கும் அளவுக்கு அவளிடம் இருந்தது. அவளிடம் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, கொஞ்ச நேரம் வாசிச்சுப் பார்க்கவா? கம்ப்யூட்டர் போட்டுத் தர்றியா?" என்றாள். போய்ப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். எண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பெடலை இரண்டு தட்டு தட்டுவது இங்கே கேட்கிறது.

இதில் உள்ளதை நீங்கள் அவளிடம் சொல்வதானால் சொல்லலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. அவள் நம்பமாட்டாள். நேரே என்னிடம் வந்து, நெசமாக்கா என்று கேட்பாள். நான் மானிட்டரைத் திறந்து காட்டுவேன்.

இனி வேண்டுகோள். உங்கள் முடிவில் திருத்தம் செய்ய வேண்டும். முகப்பு இசையின் பியானோ முழுவதும் என் தங்கையுடையது. நகலெடுத்து ஒட்டியது மட்டுமே நான். அதை அவள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். நோய் என்று எழுதிய இடத்தை அடித்துவிடுங்கள். அவளுக்கு நோய் எதுவும் இல்லை. சாயல் என்று எழுதியதையும் அடித்துவிடுங்கள். அந்தச் சொல்லைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அன்று உங்கள் அறையில் எல்லாரும் மூச்சுவிடாமல் கேட்டீர்களே, முன்னால் ஓடிய அந்த வலது கை, அதற்கு நேராக என் பெயரை எழுதுங்கள். அது ஒன்றுதான் ஐயா, நான் யாரையும் பார்த்துச் செய்யாதது.

இப்படிக்கு,
பெரியவள்